முற்றமும் ஒரு முதலீடுதான்

வீடு கட்டும்போது எமது வர்த்தகர்கள் கணக்குப் பார்ப்பதில் குறை வைப்பதில்லை. சீமெந்து, கம்பி, ஓடு, கதவு நிலை என ஒவ்வொன்றுக்கும் மூன்று கடைகளில் விலை கேட்கிறார்கள். ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்கு வரும்போது அந்தக் கணக்கு நின்று விடுகிறது. கையில் மீதமிருக்கும் பணத்துக்கு முற்றம் முழுவதும் இன்டர்லொக் கல் பதிக்கப்படுகிறது. பெருநாள் நெருங்கும்போது முப்பது, நாற்பது பூச்சாடிகள் வந்திறங்குகின்றன. இரண்டு மாதத்தில் அவற்றில் பாதி காய்ந்து விடுகிறது. கடையில் இப்படி ஒரு சரக்கு வீணாகிப் போனால் நட்டம் என்று கணக்கில் எழுதுகிறோம். முற்றத்தில் போனதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

நாள் முழுவதும் கடைக்குள் நின்று களைத்து வருபவர், மனைவி மக்களோடு காற்றோட்டமாக அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க வீட்டிலேயே ஓர் இடம் இருப்பது ஆடம்பரம் அல்ல. அதற்குப் பெரும் பணமும் தேவையில்லை. முறையான திட்டம்தான் தேவை.

தண்ணீர் ஊற்றப் போவது யார்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். குடும்பத் தலைவர் காலையில் போனால் இஷாவுக்குப் பிறகுதான் வருகிறார். பிள்ளைகளுக்குப் பாடசாலையும் டியூஷனும் இருக்கின்றன. கடைசியில் முழு வேலையும் வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது. எனவே வீட்டில் உள்ளவர்களோடு பேசி, நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இருபது நிமிடம்தான் முடியும் என்றால் இருபது நிமிடத்துக்கு ஏற்ற தோட்டத்தையே அமையுங்கள்.

சாடியில் உள்ள மண் விரைவாகக் காய்ந்து விடும். நிலத்தில் வேரூன்றிய செடி ஓரிரு நாள் தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே நிலம் இருப்பவர்கள் நிலத்திலேயே நடுவது நல்லது. சாடி வேண்டுமானால் சிறியவை நாற்பதை விடப் பெரியவை நான்கு போதும்.

கல் பதிக்குமுன் ஒரு கணக்கு

ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 25 சதுர மீற்றர். ஐந்து பேர்ச் முற்றத்தை முழுவதுமாக மூடி விட்டால் சுமார் 126 சதுர மீற்றரில் மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழியில்லை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 50 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு நாளில் அந்த முற்றத்தில் விழுவது 6,300 லீற்றர். அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கி ஆறுக்கும் மேல். அது ஒன்றில் அண்டை வீட்டுக்குப் போகும், அல்லது உங்கள் வாசற்படிக்கே திரும்பி வரும்.

வெயில் காலத்தில் வேறொரு தொல்லை. பகலெல்லாம் சூடேறிய கல், நீங்கள் வெளியில் வந்து அமரும் மாலை வேளையில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. வாகனம் நிற்கும் இடத்துக்கும் நடைபாதைக்கும் மட்டும் கல் பதியுங்கள். மற்ற இடத்தை மண்ணாகவோ புல்லாகவோ விடுங்கள். பதிப்புச் செலவிலும் ஒரு பகுதி மிஞ்சும்.

முதலில் நிழல், பிறகு இருக்கை

பெரும்பாலானோர் பூச்செடியில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது நிழலில். பின்னேர வெயில் மேற்கிலிருந்து வருவதால் மரம் அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும். கிழக்கு மாகாணத்தில் வருட நடுப்பகுதியில் வீசும் கச்சான் காற்றின் வெக்கையையும் அந்த மரம் தணிக்கும்.

இட வசதி உள்ளவர்கள் ஒட்டு மாங்கன்று நடலாம். மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். மா, பலா போன்ற பெரிய மரங்களை அத்திவாரத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் அருகில் நடக்கூடாது. சிறிய வளவுக்குத் தேசி, மாதுளை, கொய்யா ஆகியன போதும். கரையோர மணல் நிலத்தில் தண்ணீர் நிற்பதில்லை. அங்கே குழியை அகலமாக வெட்டி, உக்கிய சாணமும் தென்னந்தும்பின் தூளும் கலந்து நட்டால் ஈரம் நிற்கும். கிழக்கிலும் புத்தளம் பகுதியிலும் ஒக்டோபரில் மழை தொடங்கியதும் நட்டால் முதல் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும்.

இருக்கையை நிழல் விழும் இடம் பார்த்துத்தான் போட வேண்டும். பெந்தோட்டைக்கு அருகில் உள்ள லுணுகங்க தோட்டத்தை உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948ஆம் ஆண்டு வாங்கினார். 2003இல் மரணிக்கும் வரை அதைச் செதுக்கிக் கொண்டே இருந்தார். அங்கே நாளின் ஒவ்வொரு வேளைக்கும் அமர ஏற்ற இடங்களை அவர் அமைத்திருந்தார். அவருடைய ஏக்கர் கணக்கான நிலம் எமக்கில்லை. ஆனால் வெயில் எந்நேரம் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பார்க்கச் செலவேதும் இல்லை. அதன்பின் ஒரு வாங்கு போட்டால் அதில் ஆட்கள் அமர்வார்கள்.

மறைவும் காற்றும்

எமது வீடுகளில் பெண்களுக்கான மறைவு முக்கியம். அதற்காக ஆறடி, ஏழடி மதில் எழுப்பிக் காற்றையும் சேர்த்து அடைத்து விடுகிறோம். மதிலின் மேற்பகுதியில் துவாரக் கற்களை வைத்து, உட்புறம் செவ்வரத்தை வேலி வளர்த்தால் பார்வை மறையும், காற்று வரும். வியாபார விடயமாக வருவோரை வரவேற்க முன் முற்றத்திலும், குடும்பத்தினருக்குப் பக்க வளவிலோ பின் வளவிலோ தனியிடம் ஒதுக்குவது இன்னும் வசதி.

நுளம்புக்கு இடமளிக்காதீர்கள்

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். பூச்சாடியின் கீழ்த் தட்டும், வெட்டிப் போட்ட சிரட்டையும், கவனிக்காத அலங்காரத் தொட்டியும் டெங்கு நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தண்ணீர் தேங்கும் அனைத்தையும் கவிழ்த்துத் துடைக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வரவுப் பக்கம்

2022இல் நாடு பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வருடம் ஜூன் மாதத்தில், வீட்டில் பயிரிடுவதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. அந்த நாட்களில் புதிதாக நட்டவர்கள் காய்க்கும் வரை காத்திருந்தார்கள். வாசலில் ஏற்கனவே முருங்கையும் கறிவேப்பிலையும் ரம்பையும் கொச்சிச் செடியும் நின்ற வீடுகள் அன்றைக்கே பறித்தன.

மரத்தில் போடும் முதல் எந்த வியாபாரத்திலும் போடுவதைப் போன்றதே. போட்ட மறுநாளே திருப்பி எடுக்க முடியாது. இம்முறை மழைக்கு ஒரு மரம், அடுத்த மாதம் ஒரு வாங்கு, கை ஓய்ந்தால் நான்கு பூச்செடி என்று படிப்படியாகச் செய்யுங்கள். மேசனை அழைத்து முற்றத்தை அளக்கச் சொல்லுமுன், பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு நாளாவது வீட்டில் இருந்து, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.