சூரியன் நம் பக்கத்து நட்சத்திரம்: ஒரு கணக்கு

சூரியன் இருப்பது 14.96 கோடி கி.மீ. தொலைவில். இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் இருப்பது 8.6 ஒளியாண்டுத் தொலைவில். சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 19 நொடி போதும். சிரியஸின் ஒளிக்கு எட்டரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. சூரியன் பெரிதாகவும் பிரகாசமாகவும் தெரிவதற்கான காரணம் இந்த இரண்டு தொலைவுகளுக்குள்ளேயே இருக்கிறது.

தொலைவு

14.96 கோடி கி.மீ.யை 1 மீட்டராகச் சுருக்கி, பெரிய காஞ்சிபுரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால்:

- சூரியன்: 1 மீட்டர். குறுக்களவு 9.3 மி.மீ.
- ஆல்ஃபா செண்டாரி நட்சத்திரத் தொகுதி (4.37 ஒளியாண்டு): 276 கி.மீ., புதுக்கோட்டைக்குச் சற்று முன்பு. அதன் பெரிய நட்சத்திரம் 11 மி.மீ.
- சிரியஸ்: 544 கி.மீ., திருநெல்வேலி தாண்டி, நாகர்கோவிலுக்கு முன்பு. குறுக்களவு 16 மி.மீ.
- அகத்திய நட்சத்திரம் (சுமார் 310 ஒளியாண்டு): 19,600 கி.மீ., ஏறக்குறைய பூமியின் மறுபக்கம். குறுக்களவு 66 செ.மீ.

உருவம்

ஒரு பாகையில் 60 கலை. வானில் சூரியனின் அகலம் 32 கலை. ஏறத்தாழ 1 கலைக்குக் குறைந்தால் நம் கண்ணுக்கு எதுவும் வெறும் புள்ளிதான். சிரியஸ் சூரியனைவிட 1.7 மடங்கு பெரியது. ஆனாலும் வானில் அதன் அகலம் ஒரு கலையில் 10,000-ல் ஒரு பங்கு. சூரியனைப் போல் சுமார் 70 மடங்கு அகலமுள்ள அகத்திய நட்சத்திரத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

ஒளி

கார்த்திகை ஞாயிறுகளில் காஞ்சிபுரம் கச்சபேஸ்வரர் கோயிலுக்கு மண்சட்டியில் விளக்கேற்றித் தலையில் சுமந்து வருவார்கள். 1 மீட்டரில் தெரியும் அந்த விளக்கு 10 மீட்டர் தொலைவுக்குப் போனால், அதன் ஒளியில் 100-ல் ஒரு பங்குதான் நம்மை எட்டும். தொலைவு 10 மடங்கானால் ஒளி 10 × 10 மடங்கு குறையும்.

சிரியஸின் தொலைவு சூரியனுடையதைப் போல் 5.44 லட்சம் மடங்கு. அதன் வர்க்கம் 29,600 கோடி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிரியஸ் சூரியனைப் போல் 23 மடங்கு வலிமையானது. 23-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1,300 கோடி. அத்தனை மடங்கு சூரியன் நமக்குப் பிரகாசம்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. நட்சத்திரங்களின் பிரகாசத்தில் 5 படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு ஒளி என்ற அளவுமுறையை 1856-ல் நார்மன் போக்சன் முன்வைத்தார். 1861 முதல் 1891-ல் மறையும்வரை அவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றினார். அந்த அளவில் சூரியன் −26.74, சிரியஸ் −1.46. வித்தியாசம் 25.28 படி, விடை அதே 1,300 கோடி.

வரவு

காஞ்சிப் பட்டுச்சேலை ஒன்று 5.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 6.6 சதுர மீட்டர். தெளிந்த நண்பகலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. சேலை அளவு இடத்துக்கு 6,600 வாட். அதே இடத்தில் சிரியஸ் தருவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இடம் மாற்றினால்

சூரியனைச் சிரியஸ் இருக்கும் இடத்தில் வைத்தால் துருவ நட்சத்திரம் அளவுக்குத்தான் மின்னும். சுமார் 55 ஒளியாண்டுக்கு அப்பால் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை சாதாரணமான ஒரு நட்சத்திரம்தான், பக்கத்தில் இருப்பதால், நம் வயல்களை எல்லாம் விளைய வைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதை எண்களோடு சொல்லித்தர வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க முடியும்.