கையிலா, கணக்கிலா?

கொல்கத்தாவின் காலேஜ் தெருவில் பழைய புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் படித்து முடித்த நூலை மற்றொருவர் குறைந்த விலைக்கு வாங்குகிறார். நூல் கையில் இருக்கும் பொருள் என்பதாலேயே இது இயல்கிறது.

கையடக்கக் கருவிகளில் ஆடும் வீடியோ விளையாட்டுகள் இரு வடிவங்களில் விற்கப்படுகின்றன. ஒன்று, கருவியில் செருகும் சிறிய கார்ட்ரிட்ஜ். அதனை நண்பர்க்கு இரவல் தரலாம். ஆடி முடித்தபின் விற்கலாம். ஆனால், தொலைந்தால் மீளாது. மற்றொன்று, இணையவழிப் பதிவிறக்கம். இதற்குக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கருவி பழுதுற்றாலும் மீண்டும் பதிவிறக்கலாம். ஆயினும், அது வாங்கியவரின் கணக்கோடு பிணைந்தது. பிறர்க்கு விற்க இயலாது.

நிண்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ் கருவிக்கான இணையக்கடை விற்பனையை 2023 மார்ச் 27 அன்று நிறுத்தியது. முன்னரே வாங்கியோர் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ள இடமளித்தது. எனினும், அங்கு மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லாமற் போயிற்று. அக்கருவிக்கான கார்ட்ரிட்ஜ்களோ பழைய புத்தகங்களைப் போல இன்றும் கைமாறுகின்றன.

இரவல் தரவும் விற்கவும் விரும்புவோர்க்குக் கார்ட்ரிட்ஜ் ஏற்றது. தொலைத்துவிட அஞ்சுவோர்க்குப் பதிவிறக்கம் ஏற்றது. விலையை மட்டும் நோக்காது, வாங்குவது கையில் இருக்குமா, கணக்கில் மட்டும் இருக்குமா என எண்ணிப் பார்த்து வாங்குதல் நன்று.