பூட்டுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்

மே மாதத்தில் தமிழ்நாட்டின் வெயில் பட்டியலில் திருத்தணி அடிக்கடி முதலிடத்துக்கு வந்துவிடும். பக்கத்து ஊரான அரக்கோணத்துக்கும் அதே வெயில்தான். பள்ளி விடுமுறை விட்டதும் இங்குள்ள ரயில்வே ஊழியர் குடும்பங்கள் பயண பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதும் அப்போதுதான். சிலிண்டரை மூடி, ஜன்னலைச் சாத்தி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோம். ஆளில்லாத வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடப்போகிறது என்று சொல்லும் கருவி வாசல் சுவரிலேயே இருக்கிறது. அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுழலும். இப்போதைய மின்னணு மீட்டரில் அதற்குப் பதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. அப்படியானால் 1125ஐ இரண்டு மினுக்கலுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். முகப்பில் 1600 என்றிருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும்.

கிளம்பும் நாளில் விளக்கு, விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜையும் சில நிமிடம் நிறுத்திவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். விளக்கு 25 விநாடிக்கு ஒரு முறை மினுக்கினால், எல்லாம் அணைந்ததாக நாம் நினைக்கும் வீடு 45 வாட் இழுக்கிறது. 15 நாளில் அது 16 யூனிட். மிகச் சிறிய மின்னோட்டத்தை மீட்டர் கணக்கில் எடுக்காது. ஆகவே மினுக்கல் தெரிகிறதென்றால் தேடிப் பிடிக்க வேண்டிய ஏதோ ஒன்று நிச்சயம் ஓடுகிறது.

பெரும்பாலும் அது செட்டாப் பாக்ஸும் வைஃபை மோடமும்தான். செட்டாப் பாக்ஸ்களில் பல, ரிமோட்டில் அணைத்தாலும் ஓடும்போது எடுத்த அளவை ஒட்டியே மின்சாரம் எடுக்கின்றன. புதிய டிவிகள் அப்படியில்லை. காத்திருக்கும் நேரத்தில் எந்தக் கருவியும் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் 1990களின் இறுதியில் முன்வைத்த யோசனை உலகெங்கும் தரவிதிகளாக மாறியதன் பலன் இது. ஆகவே வெறுமனே செருகியிருக்கும் செல்போன் சார்ஜரைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, செட்டாப் பாக்ஸ் சுவிட்சை அணைப்பது மேல்.

16 யூனிட் அற்பமில்லையா என்று கேட்கலாம். ஏசி ஓடும் கோடையில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை நெருங்கிவிடும். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் சலுகை விலையில் கிடைத்த யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறுகிறது.

மெயினையே இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். மெயின் இறங்கியதும் கரண்ட் போய்விட்டது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மோடத்துக்கும் தன் சொந்தச் சுற்றுக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் பேட்டரியை வற்ற வைத்துவிடும். வற்றிய ஈய-அமில பேட்டரி அந்த வெக்கையில் நாள் கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பேட்டரியின் ஆயுள் குறையும். முழுதாக சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்து, முன்பக்க சுவிட்சையும் அணைத்த பிறகே மெயினை இறக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் நாள் கணக்குதான் முடிவு செய்யும். அது உள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துப் பின்பக்கம் வெளியேற்றும் கருவி. ஜன்னல் சாத்திய, புழுங்கும் அடுக்களையில் அந்த வேலை கூடுகிறது. கம்ப்ரெஸர் அதிக நேரம் ஓடுகிறது. இரண்டு மூன்று நாள் பயணமென்றால் அப்படியே விட்டுவிடலாம். ஒரு வாரத்துக்கு மேலென்றால் மாவு, பால், ஊறுகாய் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, உறைபனி முழுதும் உருகியதும் ஈரம் போகத் துடையுங்கள். பிறகு கதவின் இடுக்கில் மடித்த துணி ஒன்றை வைத்துச் சற்றே திறந்திருக்க விடுங்கள். இறுக மூடினால் ரப்பர் ஓரங்களில் பூஞ்சை பிடித்துவிடும்.