சாலையில் தூவும் உப்பு தோட்டத்தைக் கெடுக்கும்

கனடா, அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில், குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறைந்து வண்டிகள் வழுக்குகின்றன. இதைத் தடுக்கச் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். சமையல் உப்பும் இதுவும் ஒரே வகைதான். தூய நீர் 0 டிகிரி சென்டிகிரேடில் உறையும். உப்பு நீர் உறைய அதைவிட அதிகக் குளிர் வேண்டும். எனவே உப்பு பட்ட பனி உருகிவிடுகிறது. விபத்துகள் குறைகின்றன. ஆனால் பனி உருகி ஓடினாலும் உப்பு அழிவதில்லை. அது சாலையோர நிலங்களைச் சேர்கிறது.

சாரலால் சேதம்

விரைந்து செல்லும் வண்டிகளின் சக்கரங்கள் உப்பு நீரைச் சாரலாக வாரி இறைக்கின்றன. இச்சாரல் மரக்கிளைகளிலும் மொட்டுகளிலும் படிகிறது. குளிர்காலம் முடிந்து மரம் துளிர்க்கும் வேளையில், சாலையைப் பார்த்த பக்கத்து மொட்டுகள் விரியாமல் கருகுகின்றன. கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன.

மண்ணுக்கும் கேடு

உப்பிலுள்ள சோடியம், களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புச் சத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனால் மண் இறுகி, நீர் இறங்குவதும் காற்றோட்டமும் குறைகின்றன. உப்பின் மற்றொரு பகுதியான குளோரைடு மண்ணில் தங்காது. நீரோடு இறங்கிக் கிணறுகளை உவர்ப்பாக்குகிறது.

விவசாயிகள் பெற்ற தீர்ப்பு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நெடுஞ்சாலையோரப் பழத்தோட்டங்கள் உப்புச் சாரலால் பாதிக்கப்பட்டன. தோட்டக்காரர்கள் அரசின் மீது வழக்குத் தொடர்ந்து வென்றனர். 1987-ல் கனடா உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. சாலையால் பயன் பெறுவோர் பலராயிருக்க, நஷ்டத்தைச் சில விவசாயிகள் மட்டும் சுமப்பது முறையல்ல என்பதே தீர்ப்பின் சாரம்.

பனி விழுமுன்பே உப்புக் கரைசலைத் தெளித்தால் குறைந்த உப்பே போதும். சில இடங்களில் மணல் தூவுகிறார்கள். மணல் பனியை உருக்காது. ஆனால் சக்கரத்துக்குப் பிடிப்புக் கொடுக்கும்.

நமக்குப் பாடம்

நம் சாலைகளுக்கு உப்பு தேவையில்லை. ஆயினும் நம் களர் நிலங்களைக் கெடுப்பதும் இதே சோடியம்தான். இத்தகைய நிலம் உள்ளவர்கள் முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். பரிந்துரைத்த அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி, பின்பு வடித்துவிட வேண்டும். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை வெளியேற்றும். வடிகால் வசதி இல்லாவிட்டால் வெளியேறிய சோடியம் நிலத்திலேயே தங்கிவிடும்; செலவு வீணாகும்.