நம்பி ஒப்படைத்த வண்டி

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டி ஜீவனம் நடத்திய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் சைக்கிளே வாகனமாக இருந்தது. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும் 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் விற்பனைக்கு வந்த பிறகு, ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட நிலங்களை விட்டு, லயக் குடியிருப்புகளைத் துறந்து, ஈப்போவையும் சுங்கை சிப்புட்டையும் பத்து காஜாவையும் சுற்றியெழுந்த தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறிய அந்தக் குடும்பங்கள், மாதத் தவணையில் ஒரு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தின. தொழிற்சாலையின் இரவு வேலைக்குப் போவதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், வயோதிகப் பெற்றோரை ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும் அந்த வண்டியே கதி. ஆகவே, பழுது பார்க்கக் கொடுத்த இடத்திலேயே அது பழுதாகித் திரும்புமானால், அந்த நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையே நிலைகுலைந்து போகிறது.

இயந்திரம் என்றால் தேய்மானம் உண்டு. பத்தாண்டு ஓடிய வண்டியின் ரப்பர் பாகங்கள் வெடிப்பதற்கும் பெல்ட் அறுவதற்கும் சர்வீஸ் செய்தவரைக் குறை கூறுவது தர்மமன்று. ஆனால் முந்தின நாள் வரை செவ்வையாக ஓடிய வண்டி, சர்வீஸ் நிலையத்தை விட்டு வெளியேறிய சில நாழிகைக்குள், அங்கே கை வைக்கப்பட்ட அதே பாகத்தில் கெட்டுப்போனால், அதைத் தேய்மானம் என்று சொல்லி மழுப்புவது நியாயமாகாது.

சர்வீஸ்களிலெல்லாம் மிகவும் சாதாரணமானது இஞ்சின் ஆயில் மாற்றுவது. பழைய ஆயில் வடிகட்டியைத் திருகிக் கழற்றும்போது, அதன் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் சில சமயம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்க்கும் அரை நிமிட வேலையை, அவசரத்தினாலோ அசிரத்தையினாலோ மெக்கானிக் செய்யாமல் விட்டு, புது வடிகட்டியை அதன் மேலேயே பூட்டிவிட்டாரானால், ஒரு வளையம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வளையங்கள் அமர்ந்துவிடும். நிலையத்தின் வாசலில் வண்டி மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குத் திரும்பும் வழியில், ஜெலாப்பாங்கைத் தாண்டி, மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி அது மேடேறும்போது, ஆயிலின் அழுத்தம் உயர்ந்து, வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் இஞ்சினின் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடக்கூடும். ஓட்டுநரின் எதிரே ஆயில் எச்சரிக்கையின் சிவப்பு விளக்கு எரிவதைப் பொருட்படுத்தாமல் இன்னும் சிறிது தூரம் ஓட்டினால் போதும், உலோகம் உலோகத்தோடு உராய்ந்து இஞ்சினே இறுகிவிடும். அற்பமான ஒரு ரப்பர் வளையத்துக்காக, பல்லாயிரம் ரிங்கிட் பெறுமானமுள்ள இஞ்சின் பலியாகிறது.

இதுபோன்ற அலட்சியங்கள் இன்னும் பல. ஆயில் வடிக்கும் திருகாணியை மட்டுமீறி முறுக்கி அலுமினியத் தொட்டியின் மரையை அழித்துவிடுவது, சக்கர நட்டுகளை அளவு பாராமல் இறுக்குவது அல்லது இறுக்காமலே விடுவது, கியர்பெட்டிக்கு அதற்குரியதல்லாத திரவத்தை ஊற்றுவது, ஜேக்கைத் தவறான இடத்தில் வைத்து அடித்தகட்டை நெளித்துவிடுவது என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். சாதாரண மோட்டார் காப்புறுதி, இயந்திரக் கோளாறுக்குப் பொதுவாக இழப்பீடு தருவதில்லை; ஆகையால் சேதப்படுத்தியவரிடமே நஷ்டஈடு கேட்கவேண்டியிருக்கிறது.

கேட்கப் போனால் வரும் பதில்கள் நமக்குத் தெரிந்தவையே. வண்டி பழையது என்பார்கள்; வெளியே போன பிறகு நாங்கள் பொறுப்பல்ல என்பார்கள்; பொறுப்பில்லையென்று எழுதிச் சுவரில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையைச் சுட்டிக்காட்டுவார்கள். சட்டமோ வேறு விதமாகச் சொல்லுகிறது. ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள ஒரு மனிதர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேணுவாரோ அவ்வளவு ஜாக்கிரதையாக அவர் பேணவேண்டும் என்று மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104ஆவது பிரிவு விதிக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்னும் உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும், ஒவ்வொரு சேவையிலும் அடங்கியிருப்பதாகக் கொள்ளுகிறது. அந்த உத்தரவாதம் மீறப்பட்டு, குறை திருத்தக்கூடியதாக இருந்தால், நியாயமான காலத்துக்குள் திருத்தித் தரும்படி நாம் கேட்கலாம். மறுத்தாலோ தாமதித்தாலோ வேறிடத்தில் திருத்திக்கொண்டு அந்தச் செலவை வசூலிக்கலாம். முன்கூட்டி எதிர்பார்த்திருக்கக்கூடிய மற்ற நஷ்டங்களையும் கோரலாம். இந்த உரிமைகளை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் பறித்துவிட முடியாதென்று அதே சட்டம் சொல்வதால், சுவரில் மாட்டிய பலகை நம் வாயை அடைத்துவிடாது.

நீதிமன்றங்களும் இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்திருக்கின்றன. மீண்டும் மீண்டும் பழுதான ஒரு மெர்சிடிஸ் வண்டியைப் பற்றி புஞ்சாக் நியாகா நிறுவனம், தனக்கு அதை விற்ற என்.இஸட். வீல்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2011ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவரின் பக்கமே தீர்ப்பளித்தது. அது விற்ற பொருளின் தரத்தைப் பற்றிய வழக்கேயாயினும், வாங்கியவர் ஒரு நிறுவனமாக இருந்தும், வண்டியின் உபயோகத்தைக் கருதி அதையும் பயனீட்டாளராக ஏற்ற நீதிமன்றம், இந்தச் சட்டத்தைக் குறுகிய பொருளில் வாசிக்க மறுத்ததென்பது நாம் மனத்தில் கொள்ளத்தக்கது.

உரிமை இருந்தால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். வண்டியை ஒப்படைக்கும்போதே நான்கு பக்கங்களையும், ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். செய்யவேண்டிய வேலைகளை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தி இஞ்சினை உடனே அணைத்துவிட்டு, இழுவை வண்டியை வரவழையுங்கள். அதற்கு மேல் ஓட்டினால், சேதத்தைப் பெருக்கியவர் நீங்களே என்று எதிர்த்தரப்பு வாதாட இடங்கொடுத்தவர்களாவீர்கள். சேதப்படுத்திய நிலையத்தாரே எல்லாவற்றையும் பிரித்துவிடுவதற்கு முன், சம்பந்தமில்லாத இன்னொரு மெக்கானிக்கைக் கொண்டு பரிசோதித்து, அவர் கண்டதைத் தேதியும் கையொப்பமும் இட்டு எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன உதாரணத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்த அந்த இரண்டு வளையங்களையும் வடிகட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையிலிட்டுப் பத்திரப்படுத்தினால், நூறு வார்த்தைகள் பேசி நிரூபிக்கவேண்டியதை அவையே நிரூபிக்கும். பிறகு, நடந்ததையும் வேண்டுவதையும் நிதானமான வார்த்தைகளில் எழுதி, ஒரு கெடு குறிப்பிட்டு, நிலையத்தின் நிர்வாகத்துக்கும் வண்டி நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் அனுப்புங்கள்.

அதற்கும் பலனில்லையென்றால் ஈப்போவிலேயே அமர்வுகள் நடத்தும் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. முன்னர் 25,000 ரிங்கிட்டாக இருந்த அதன் கோரிக்கை வரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. மனுவுக்கான கட்டணம் ஐந்தே ரிங்கிட். கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக இரு தரப்பினரும் வழக்கறிஞரை வைத்து வாதாட இயலாதென்பதால், பெரிய நிறுவனத்தின் பிரதிநிதியும் சாதாரணத் தொழிலாளியும் ஒரே மேசையில் சமமாக உட்காருகிறார்கள். கூடுமானவரை முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் தீர்ப்பு வழங்கவேண்டுமென்பது விதி. அந்தத் தீர்ப்புக்குக் கீழ்ப்படியாமலிருப்பது குற்றமாகும். எழுத்து வேலைக்குத் துணை வேண்டுவோருக்குப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் உண்டு. மலாயில் எழுத, வீட்டிலே அம்மொழியை நன்கறிந்த பிள்ளைகளும் உண்டு.

நேர்மையான தொழிலாளர்களை நிந்திப்பது என் நோக்கமன்று. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஸ்பேனர் பிடித்த கையால் பிழைக்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் இத்தனை வண்டிகளை முடிக்கவேண்டுமென்று மேலிடம் நெருக்கும்போது நேரும் பிழைக்கு, அந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும் அநியாயமே. பொறுப்பேற்க வேண்டியது, பணம் வாங்கிய ஸ்தாபனம்.

தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, தோட்டத்து எழுத்தரான கிராணியார் சொன்னதே முடிவென்று திரும்பி வந்த தலைமுறையின் பணிவு, நம்மில் பலரிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. சர்வீஸ் கவுண்டரில், கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர் நமக்குப் புரியாத வார்த்தைகளில் விளக்கம் சொன்னவுடன் நாம் தலையாட்டிவிட்டு, கடன் வாங்கி இஞ்சினை மாற்றுகிறோம். மரியாதை வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. குரலை உயர்த்தாமல், ஆதாரங்களை எடுத்து வைத்து, நமக்குரியதைக் கேட்பதில் அகௌரவம் ஏதுமில்லை. அடுத்த முறை உங்கள் வண்டி இவ்வாறு சேதப்பட்டால், விதியை நோகாதீர்கள். ஐந்து ரிங்கிட் கட்டி மனுவை எழுதுங்கள்.