மூன்று மிதவை இருந்தாலும் காற்று கவிழ்க்கும்! பாய்மர கயாக்கில் போகிறவர்கள் கவனத்துக்கு...

நடுவில் ஒரு கயாக். இருபுறமும் இறக்கை போல இரண்டு சிறிய மிதவைகள். மேலே ஒரு பாய். இதுதான் டிரைமரான் கயாக். ஹோபி நிறுவனத்தின் 'அட்வென்ச்சர் ஐலேண்ட்', 'டேண்டம் ஐலேண்ட்' படகுகள் இந்த வகையில் பிரபலமானவை. காற்று நின்றுவிட்டால் காலால் மிதித்தே கரைக்கு வந்துவிடலாம்.

இந்தப் பெயரில் நம்ம ஊரும் இருக்கிறது. 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. அதன் பின்பாதியோடு மூன்றைக் குறிக்கும் 'டிரை' சேர்ந்து 'டிரைமரான்' பிறந்தது.

பார்ப்பதற்குக் கவிழவே கவிழாது என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்!

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கயாக்குகளும் சிறு பாய்மரப் படகுகளும் சுமார் 480 கி.மீ. செல்லும் 'எவர்கிளேட்ஸ் சேலஞ்ச்' பயணம் பிரபலம். 2015 மார்ச்சில் புறப்பட்ட முதல் நாளே பலத்த காற்றில் பலர் சிக்கிக்கொண்டனர். கடலோரக் காவல்படை அவர்களை மீட்டு, பயணத்தையே நிறுத்தியது. பழகியவர்களுக்கே இந்த நிலை என்றால், விடுமுறையில் படகை வாடகைக்கு எடுப்பவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

வேகம் இரண்டு மடங்கு... விசை நான்கு மடங்கு!

காற்றின் வேகம் 15 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ. ஆனால், பாயின் மீது விழும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். ஒற்றை உடல் படகு மெதுவாகச் சாய்ந்து முன்கூட்டியே எச்சரிக்கும். டிரைமரான் அவ்வளவாகச் சாயாது. அதனால் ஆபத்து தெரிவதற்குள் எல்லை தாண்டிவிடும். கவிழ்ந்த பிறகு தலைகீழாகவும் அது உறுதியாகவே மிதக்கும், நிமிர்த்துவது சுலபமல்ல.

படகும் தண்ணீரும் சொல்லும் சேதி

அலைகளின் தலையில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால், காற்று 20 கி.மீ.யைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரின் மேல் கருத்த திட்டு ஒன்று நகர்ந்து வந்தால், அடுத்த வீச்சு உங்களை நோக்கி வருகிறது. காற்று தள்ளும் பக்கத்து மிதவை தண்ணீருக்குள் முங்க ஆரம்பித்தால் யோசிக்கவே வேண்டாம், பாயைக் குறைத்துவிடுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

* வீச்சு தாக்கியதும் பாய்க்கயிற்றைத் தளர்த்துங்கள். பாய் படபடக்கும், விசை உடனே குறையும். பலத்த காற்றில் கயிற்றை இறுக்கிப் பூட்டிவைக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.

* இந்தப் படகுகளில் பாயைப் பாய்மரத்திலேயே சுருட்டிக் குறைக்கலாம். சந்தேகம் வந்த உடனே குறையுங்கள். காற்றை நோக்கிப் படகைத் திருப்பி, கயிற்றைத் தளர்த்திவிட்டுச் சுருட்டுவது எளிது.

* போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது அதுவே துணையாக வரும். காற்று முதுகில் இருக்கும்போது அதன் பலம் தெரியாது. திரும்பினால்தான் புரியும்.

* கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறங்காதீர்கள். கரையோரம் குளம் போல அமைதியாக இருக்கும். தள்ளிப் போகப் போக அலை பெரிதாகும், திரும்புவதும் கடினமாகும்.

* லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்தால் போதாது, உடம்பில் போட்டிருக்க வேண்டும். விசில், தண்ணீர் புகாத உறையில் போன் ஆகியவையும் உங்கள் மேலேயே இருக்கட்டும்.

விழுந்துவிட்டால்?

தனியாகப் போகிறவர் தவறி விழுந்தால், பாய் விரித்த படகு அவரை விட்டுவிட்டு ஓடிவிடும். நீந்திப் பிடிக்க முடியாது. பாய்க்கயிறு பூட்டப்படாமல் இருந்தால் படகு வேகமிழக்க வாய்ப்பு உண்டு. படகு கவிழ்ந்துவிட்டால் அதை விட்டுக் கரைக்கு நீந்த முயலாதீர்கள். தேடி வருபவர்களுக்கு ஒரு தலையைவிடப் படகுதான் சீக்கிரம் கண்ணில் படும்.

ஆழமில்லாத, அமைதியான தண்ணீரில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருமுறை வேண்டுமென்றே குதித்து, மறுபடி ஏறிப் பாருங்கள். ஏற முடியவில்லை என்றால், தனியாகக் கடலுக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.