விஷ்ணுபுரமும் அதன் வாசகர்களும்

நடப்புலகின் தர்க்கத்துக்குள் அடங்காத ஓர் உலகை, அதற்கேயுரிய நிலம், தொன்மம், சடங்கு, வரலாறு ஆகியவற்றோடு கட்டியெழுப்பும் நாவலை மிகுபுனைவு என்பர். அது காவிய விரிவும் கொள்ளும்போது வாசகரிடையே எத்தகைய பிளவை உண்டாக்கும் என்பதற்கு, குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஜெயமோகன் எழுதி 1997இல் வெளிவந்த ‘விஷ்ணுபுரம்’ தமிழில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்றாகும். அவரது முதல் நாவல் 1990இல் வந்த ‘ரப்பர்’ என்றாலும், காவிய அளவில் அவர் எழுதி வெளியிட்ட முதல் நாவல் இதுவே.

இந்நாவலைக் கையிலெடுத்தவர்களின் முதல் திகைப்புக்குக் காரணம் குமரி மண்ணின் நாவல் மரபிலேயே இருந்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968), நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977), தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) என்று, குடும்பத்தையும் சாதியையும் வட்டார வழக்கையும் கண்முன் நிறுத்திய யதார்த்த எழுத்துக்குப் பழகியிருந்த வாசகர், வடசொற்கள் செறிந்த நடையில் எங்குமில்லாத ஒரு கோயில் நகரம் விரிவதைக் கண்டபோது சிலர் மயங்கினர், சிலர் விலகினர்.

ஆயினும் அந்நகரம் முற்றிலும் அந்நியமானதன்று. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட திருமேனியை மூன்று வாயில்கள் வழியாகவே காண இயலும். பாதம் தெரியும் வாயிலில் நிற்பவர்க்கு முகம் தெரியாது, முகம் காண்பவர்க்குப் பாதம் மறைந்திருக்கும். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி எனப் பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனியை ஒட்டியே பகுக்கப்பட்ட இந்நாவலைப் படிக்கும் குமரி வாசகருக்கு அக்கருவறை நினைவுக்கு வராமல் போகாது.

வெளிவந்த காலத்தில் எழுந்த கடுமையான குற்றச்சாட்டு, இது இந்துத்துவத்துக்குத் துணைபோகும் படைப்பு என்பதாகும். அதற்கு நேர் எதிராக, மரபையும் கோயிலையும் இழிவுபடுத்துகிறது என்று வருந்தியவர்களும் இருந்தனர். ஒரே நூல் இவ்விரு பழிகளையும் ஒருங்கே சுமந்ததற்குக் காரணம் நூலிலேயே உள்ளது. கருவறையில் கிடப்பது விஷ்ணு அல்லர், காட்டில் வாழ்ந்த தம் மூதாதையான பெருமூப்பனே என்று தொல்குடியினர் நம்புகின்றனர். வைதிக ஞானியான பவதத்தரை விவாதத்தில் வெல்பவரோ பௌத்தரான அஜிதர். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் நகரின் பெயரை மட்டும் கொண்டு நூலின் சார்பை முடிவு செய்தது, அரசியல் விமரிசனத்துக்கும் நியாயம் செய்யாத அவசரமாகும்.

பொது வாசகர் மிகுதியாகச் சொன்ன குறை இரண்டாம் பகுதியைப் பற்றியது. ஞானசபையில் சாங்கியம், வைசேஷிகம், பௌத்தம் முதலிய தரிசனங்கள், அதாவது உலகையும் உயிரையும் விளக்க முயன்ற இந்தியச் சிந்தனை முறைகள், பக்கம் பக்கமாக மோதுவதால் கதை நின்றுவிடுகிறது என்றனர். இக்குறையில் உண்மை உண்டு. அப்பகுதி பொறுமையைக் கோருகிறது. ஆனால் முதற்பகுதியில் புராணமாகப் போற்றப்படுவோர், காலத்தால் முந்தைய இரண்டாம் பகுதியில் ஐயமும் சோர்வும் கொண்ட மனிதர்களாகத் தோன்றுவதும், முதற்பகுதியின் மனிதர்கள் பிரளயத்தில் முடியும் மூன்றாம் பகுதியில் தாமே கதைகளாகிவிடுவதும் நாவலின் உயிர்நிலை. விவாதங்களைத் தாண்டிச் செல்பவர் இழப்பது தத்துவத்தை மட்டுமன்று, இந்த மாற்றத்தைக் காணும் அனுபவத்தையும்தான்.

படைப்பொன்று தன் வாசகரைச் சந்திக்கும் துயரமும் நாவலுக்குள்ளேயே உண்டு. தன் காவியத்தை அரங்கேற்ற வரும் சங்கர்ஷணன் என்னும் கவிஞன், அங்கீகாரத்துக்காகக் காத்திருந்து அவமதிப்புகளைச் சகிக்கும் பகுதிகள் தமிழ்ப் புனைவில் அரிதாகவே எழுதப்பட்டவை.

ஜெயமோகனின் வாசகர்கள் 2009இல் கோவையை மையமாகக் கொண்டு தொடங்கிய இலக்கிய அமைப்புக்கு இந்நாவலின் பெயரையே சூட்டி, விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் என்று அழைத்தனர். அது 2010இல் முதல் விருதை வழங்கியது, மிகுபுனைவுக்குச் சற்றும் தொடர்பில்லாத, திருவனந்தபுரம் சாலைத் தெருவின் அன்றாட மனிதர்களை எழுதிய ஆ. மாதவனுக்கு.